ஏழாம் எதிரியின் ஜெபம்

"எதிரி எண் 7. சவரியாயி, வயது சுமார் 45, க/பெ ஆரோக்கியம். திடகாத்திரமான உடற்கட்டு. உயரமானவள். உரத்த குரல். கலகக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவள். பயங்கர ஆயுதம் தாங்கியவள்."

1969ஆம் ஆண்டில் தாக்கலான குற்றப்பத்திரிகை அப்படிச் சொல்கிறது; குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் பாஷையில் எதிரி என்று பெயர். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை அவள் பெயரும் கணவன் பெயரும்தான். வயது அவளுக்கே தெரியாது. புயல் அடித்த வருஷம் பிறந்ததாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்; டெல்டாவில் புயல் அடிக்காத வருஷத்தைக் கேட்டால் வேண்டுமானால் கண்டுபிடித்துச் சொல்லலாம். உயரம் நாலரை அடி. நடவுக்கு இறங்கினால் சேற்றில் காணாமல் போய்விடுவாள் என்று கேலி செய்து அவளை வரப்போரமாகவே நிறுத்துவார்கள். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் எதிரில் இருப்பவர் குனிய வேண்டும். பயங்கர ஆயுதம் என்பது கருக்கரிவாள், நெல் அறுப்பதற்கென்றே பல் வைத்து அடித்தது. தை மாதத்தில் வயலுக்குப் போகிற ஒருத்தியிடம் அது இல்லாமல் இருந்திருந்தால்தான் போலீஸார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் மேலக்கோட்டகம். முத்துப்பேட்டை ரோட்டிலிருந்து பிரிந்து கோரையாற்றங்கரையோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஊரின் தெற்குக் கோடியில் நாற்பது குடிசை, நாற்பதும் கூலிக்காரக் கத்தோலிக்கக் குடும்பங்கள். நடுவில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில். கோயிலில் சூசையப்பர் இருந்தார், சாமியார் இல்லை. பங்குச் சாமியார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கோயிலில் குடியிருந்தார். அந்தக் கோயிலில் மேலக்கோட்டகத்துக்காரர்களுக்கு இடதுபக்கத் தரை ஒதுக்கப்பட்டிருந்தது. எல்லாரும் ஒரே பிதாவின் மக்கள் என்ற பிரசங்கத்தை அவர்கள் அங்கே உட்கார்ந்துதான் கேட்டார்கள். சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு சைக்கிளில் இந்தப் பக்கம் வருவார். மனிதர்கள் அந்த ஞாயிறு பார்த்துச் சாவதில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தத் தெருவில் சாவதற்கு யாரும் பெரிதாகப் பயந்ததில்லை. அதற்கு நேரமும் இருந்ததில்லை. தனியாகச் சாவதற்குத்தான் பயம். சாகிறவருக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கிடைக்காவிட்டாலும் போகட்டும், பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப ஜெபமாவது காதில் விழ வேண்டும். யாராவது ஒருவர் குனிந்து, வாயைக் காதோடு வைத்து, அந்த ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். மேலக்கோட்டகத்தில் அந்த ஒருவர் சவரியாயி. அவளை யாரும் அதற்கு நியமிக்கவில்லை.

ஆரம்பித்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில். ஆறு உடைத்துக்கொண்டது. தெரு முழுக்கப் பேதி. சாமியார் அக்கரையில், அவர் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியார் டவுனில். சவரியாயியின் மூத்த பையன் சின்னப்பன் ஒரு செவ்வாய்க்கிழமை போனான். இளையவன் இஞ்ஞாசி அதற்கு அடுத்த ஞாயிறு. இரண்டு பேருக்கும் நினைவு தப்பியிருந்தது. இரண்டு பேர் காதிலும் அவளே சொன்னாள். இரண்டு முகத்திலும் ஒரு அசைவும் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அவள் குடிசையில் இருந்த மாதா படத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் தெருவில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால், கூப்பிடுவதற்கு முன் வந்து நின்றாள். "எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அதுக்காவ சாவுறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள். கடவுளோடு காய் விட்டுவிட்டு அவருடைய வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றரை வருஷம் அது. அதில் ஒன்பது சாவு.

ஒன்பதாவது சாவு துரைராசின் தாயார். துரைராசுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் செபஸ்தியான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளரான அன்று அதைக் கழற்றிவிட்டான். தாயார் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. வாயில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிந்தது. சவரியாயி குனிந்து ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். முடித்ததும் அந்த அம்மாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிறாற்போல, "ஆமென்" என்றாள். அதோடு மூச்சு நின்றது.

"நரம்பு இழுப்பு. கடைசி நேரத்துல அப்படித்தான் இழுக்கும்," என்றான் துரைராசு.

சவரியாயி எழுந்து வெளியே போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். செத்தவளுக்காக என்று நினைத்து இரண்டு பெண்கள் தேற்றப் போனார்கள். அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "அப்படின்னா எம் புள்ளைங்களுக்கும் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் பாரு. பதில்தான் சொல்ல முடியல."

அன்று சாயங்காலம் மாதா படம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சவரியாயிக்கு அது இன்னொருத்தியின் வாயிலிருந்து ஒரு சொல்லாக வந்தது. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. காதுதான் கடைசியாக மூடும், அதுவரை சொல்லலாம், சொன்னது வீண்போகாது. இதற்கு மறைக்கல்வியில் ஆதாரம் உண்டா என்று கேட்டதற்குப் பங்குச் சாமியார், "அவகிட்ட போயி இல்லன்னு சொல்றது யாரு?" என்று முடித்துக்கொண்டார்.

புதிய ஆட்சி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இது ஏழைகளின் ஆட்சி என்று பாலத்துச் சுவரில் எழுதியிருந்தது. போலீஸ் ஜீப் மட்டும் பழைய வழக்கப்படி மிராசுதார் களத்து மாமரத்து நிழலிலேயே நின்றது. மிராசுதார் ராமச்சந்திரன் சென்னையில் உத்தியோகம். நிலத்தைக் காரியஸ்தர் பஞ்சநதம் பார்த்துக்கொண்டார். அறுப்புக் கூலி அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கம் நோட்டீஸ் கொடுத்தது.

"யக்கா, சங்கத்துல கையெழுத்து போடு," என்று வந்து நின்றான் துரைராசு.

"கையெழுத்தை எங்கடா கண்டேன்?"

"ரேகை வையி. செங்கொடிக்கு ரேகை போதும்."

"சாமியார் வைவாரு."

"அவரா குனிஞ்சு அறுக்குறாரு? வந்து ஒரு கட்டு அறுக்கச் சொல்லு, அவரையும் சேத்துக்கறேன்."

ரேகை வைத்தாள். அவன் கொடுத்த சின்னக் கொடியை மாதா படம் தொங்கிய ஆணியிலேயே மாட்டினாள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று இரண்டு பக்கத்துப் படித்தவர்களும் வந்து சொன்னார்கள். குடிசையில் இருந்தது ஒரு ஆணி.

அந்தக் குடிசையின் மூலையில் அவள் புருஷன் ஆரோக்கியம் படுத்திருந்தான். பெயருக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. நெஞ்சுநோய் மூன்று வருஷமாக அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. வாய் மட்டும் தளரவில்லை.

"ஊரு சனத்துக்கெல்லாம் காதுல சொல்லித் தீத்துடாத. எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வையி," என்பான்.

"ஒனக்கு இன்னும் நாளிருக்கு. கஞ்சியக் குடி."

"நாளிருந்தா இருக்கட்டும். அன்னிக்கு நீ எங்கயாச்சும் நடவுக்குப் போயிடாத."

"போவ மாட்டேன்யா."

"மாதா மேல சொல்லு."

"மாதாவை இதுக்கெல்லாம் இழுக்காத. போவ மாட்டேன்னா மாட்டேன்."

தை பதினேழாம் தேதி காலையில் ஒரு லாரி நிறைய வெளியாட்கள் வந்து இறங்கினார்கள். ராமநாதபுரம் சீமையில் இரண்டு வருஷமாக மழை இல்லை; அரைப்படி குறைத்துக் கொடுத்தாலும் அறுக்க வருகிற பசி அவர்களுக்கு. உள்ளூர் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அரிவாள், ஒரே மாதிரி இடுப்புத்துணி. கல் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் கோர்ட்டும் கண்டுபிடிக்கவில்லை. வந்தவர்களில் ஒருவன் பின்மண்டையில் அடிபட்டு வடிவாய்க்காலில் விழுந்தான். போலீஸ் விசில் கேட்டதும் இரண்டு பக்கமும் ஓடின.

சவரியாயியும் ஓடினாள். வாய்க்காலைத் தாண்டும்போது விழுந்து கிடந்தவனைப் பார்த்தாள். சட்டை கிழிந்து விலகியிருந்தது. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் பழுப்பு நிறத்தில் சதுரமாக இரண்டு துணித் துண்டு. உத்தரியம். கார்மேல் மாதாவின் பெயரால் கத்தோலிக்கர் அணிந்துகொள்வது. அவள் நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் பஞ்சநதம். களத்து மேட்டில், இருநூறு கெஜத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலம்: "அந்தப் பொம்பளை அவன் மேல குனிஞ்சா. கையில அருவா பளபளன்னு இருந்துது. கையக் கொண்டுபோயி நெத்தியில ஒண்ணு, மார்ல ஒண்ணு, இடது தோள்ல ஒண்ணு, வலது தோள்ல ஒண்ணு, நாலு போடு போட்டா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

பஞ்சநதம் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அரிவாள் அவள் இடது கையில் இருந்தது. கீழே வைக்க மறந்திருந்தாள். போனது வலது கை. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்ற அந்த வரிசையில் நாற்பது குடும்பமும் காலையும் மாலையும் கையைக் கொண்டுபோகிற தெரு அது. பஞ்சநதம் முப்பது வருஷமாக அந்தத் தெருவுக்கு ஆள் கூப்பிட வருகிறவர். ஆனால் தெருமுனையில் நின்றுதான் கூப்பிடுவார். உள்ளே கால் வைத்ததில்லை. ஒரு தடவை கோயில்வரை போயிருந்தாலும் அவருக்குத் தான் பார்த்தது என்னவென்று தெரிந்திருக்கும்.

அடிபட்டவன் செத்துப்போனான்; துரைராசு, சவரியாயி உட்பட ஏழு பேர் மேல் கொலைக் கேஸ். சங்கத்துக்கு வாதாட வந்த வக்கீல் பெயர் காயாரோகணம். நாகப்பட்டினத்துச் சிவனின் பெயரை வைத்துக்கொண்டு மேடைக்கு மேடை கடவுள் இல்லை என்று நிரூபித்துவந்தவர். கெட்டிக்காரர். காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தார்.

"ஏம்மா, அவரு நாலு போடுங்கறாரு, டாக்டர் ஒரே காயம்ங்கறாரு. அதுவும் கல்லுக் காயம். கேஸு நிக்காது. நீங்க ஏழு பேரும் அங்க இல்லவே இல்ல. அது போதும்."

"நான் இருந்தேங்க."

"இருந்தது எனக்குத் தெரியும்மா. இல்லன்னு சொல்றதுதான் கேஸு."

"ஜெபம் சொல்லத்தானே நின்னேன்? அதச் சொன்னா என்னங்க?"

"சொன்னா, பக்கத்துல இருந்தேன்னு ஆவும். கையில அருவா இருந்துச்சுன்னு ஆவும். ஜெபம் சொன்னதுக்கு உன் சாட்சி யாரு? செத்தவன். அவன எந்தக் கோர்ட்டு கூப்பிடும்?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உள்ள போனா ரெண்டு வருஷம். உம் புருஷன் அதுவரைக்கும் இருப்பானா, பாத்துக்க."

அது அவளுக்குப் புரிந்தது. சரி என்றாள். ஜாமீனில் வந்து ஆறு மாதம் ஆரோக்கியத்துக்குக் கஞ்சி ஊற்றினாள். அவன் வாயும் இப்போது கொஞ்சம் தளர்ந்திருந்தது. விசாரணைக்குக் கிளம்பிய காலையில், "இல்லன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துடு," என்றான். "சேவல் கூவுமேன்னு பயப்படாத. கோர்ட்டுல கோழி வளக்க மாட்டாங்க." சேவல் கூவுமுன் ராயப்பர் தம் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த கதையை அவளிடமிருந்துதான் அவன் கேட்டிருந்தான். அவள் சிரித்தாள். சிரித்தபடிதான் பஸ் ஏறினாள்.

கோர்ட்டில் செத்தவனின் மனைவியை அழைத்து வந்திருந்தார்கள். பெயர் மிக்கேலம்மாள். புருஷன் பெயர் சந்தியாகு. அவள் வேலை கூண்டில் ஏறிச் சட்டையையும் சான்றுப் பொருள் எண் 3ஐயும் அடையாளம் காட்டுவது. அதைப் பட்டியலில் "கயிற்றுடன் கூடிய அழுக்குத் துணி, இரண்டு துண்டு" என்று எழுதியிருந்தார்கள். அவள் அதைக் கையில் வாங்கியதும் முத்தமிட்டாள். சான்றுப் பொருளை அப்படிச் செய்யக் கூடாது என்று குமாஸ்தா பிடுங்கிக்கொண்டார்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார் ஜட்ஜ், வழக்கத்துக்காக.

"ஒண்ணு கேக்கணும் சாமி. அவுக சாகுறப்ப பக்கத்துல யாரும் இருந்தாகளா? காதுல ரெண்டு வார்த்தை சொல்ல ஆளு இருந்துச்சா? நாயி மாதிரி வாய்க்கால்ல கெடந்து போனாகன்னு ஊருல சொல்லுறாக. ஆறு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக."

அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஜட்ஜ் பதிவு செய்தார். மிக்கேலம்மாள் இறங்கிச் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு பஞ்சநதம் சாட்சி சொன்னார். காயாரோகணம் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் இருநூறு கெஜத்தையும் நாலு போட்டையும் ஒரு காயத்தையும் வைத்து அரைமணி நேரம் விளையாடினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஜட்ஜ் எதிரிகள் ஒவ்வொருவரையும் கேட்டார்: சாட்சி சொன்னதைக் கேட்டாய், நீ என்ன சொல்கிறாய்? துரைராசிலிருந்து ஆரம்பித்து ஆறு பேரும் "பொய்ங்க, நான் அங்க இல்லீங்க" என்றார்கள்.

ஏழாவது ஆள் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவரியாயி, கேட்டது காதில் விழுந்ததா?"

"விழுந்துச்சுங்க. இருந்தேங்க."

காயாரோகணம் எழுந்தார். அதற்குள் அவள் ஜட்ஜுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். அந்தக் கட்டிடத்துக்குள் அவள் உரத்துப் பேசியது அப்போதுதான். குற்றப்பத்திரிகையில் ஒரு விவரம் அந்த ஒரு நிமிஷத்துக்கு உண்மையாயிற்று.

"சொன்னேன் தாயி. முழுசா சொன்னேன். பாதியில வுடல. சிலுவை போட்டுத்தான் அனுப்பினேன். நாயி மாதிரி இல்ல. எம் மடியிலதான் போனாரு. கேட்டுக்கிட்டேதான் போனாரு."

முன்னால் பார்த்துப் பேசும்படி சேவகன் அதட்டினான். காயாரோகணம் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். மிக்கேலம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சாட்சி பெஞ்சியில் இருந்த பஞ்சநதம் தன் வலது கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டார், மார்பைத் தொட்டார், இடது தோளுக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டார். அவரை மறுபடி யாரும் கூண்டுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

தீர்ப்பு நியாயமானதுதான், சட்டத்தைப் பார்த்தால். கொலை நிரூபணமாகவில்லை. ஆறு பேர் அங்கே இருந்ததற்கு நம்பத்தகுந்த சாட்சியம் இல்லை, விடுதலை. ஏழாவது எதிரி ஆயுதத்துடன் கலகக் கூட்டத்தில் இருந்ததைத் தானே ஒப்புக்கொள்கிறாள், ஜெபம் என்பது பின்யோசனை, இரண்டு வருஷம். அங்கே இருந்த ஆறு பேரும் இல்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள்.

ஆரோக்கியம் மார்கழி வரை தாக்குப்பிடித்தான். சேதியைச் சொல்லத் துரைராசு ஜெயிலுக்கு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். அவள் முகம் தெரிய அவன் குனிய வேண்டியிருந்தது.

"யக்கா, மாமா போயிட்டாரு. மூணு நாளாச்சு."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

எந்தச் சொல்லைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

"உபதேசியாருக்கு ஆளனுப்பினோம், வரல. நாந்தான் பக்கத்துல இருந்தேன். குனிஞ்சேன்க்கா. சின்ன வயசுல எங்கம்மா அடிச்சு அடிச்சுப் படிக்க வச்சது. மொத வரி வந்துச்சு. அதுக்கு மேல வரல." அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்ன பண்றதுன்னு தெரியல. 'மாமா, மிச்சத்த சவரி சொல்றா கேளு, சவரி சொல்றா கேளு'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். மூச்சு நிக்கிற வரைக்கும்."

"சிலுவை?"

"போட்டேன். எடதா வலதான்னு கொழம்பிப் போச்சு. ரெண்டு தடவை போட்டுட்டேன்."

வார்டர் நேரம் ஆகிவிட்டது என்றாள்.

"அன்னிக்கு எந்நேரம்டா?"

"விடியக்காலம். கோயில் மணி அடிக்கிறதுக்கு முன்ன."

"அந்நேரம் நான் இங்க சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். தெனமும் சொல்லுவேன். எனக்கென்ன நாள் தெரியுமா, எதுக்கும் இருக்கட்டும்னு தெனமும்." பிறகு சொன்னாள்: "போதும்டா. கேட்டிருக்கும்."

நரம்பு இழுப்பைப் பற்றித் துரைராசு அன்று எதுவும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை அழுதுகொண்டே போனான். மறுநாள் சங்கக் கூட்டத்தில் வழக்கம்போல மதத்தைத் தாக்கிப் பேசினான்; வழக்கத்தைவிடச் சுருக்கமாக என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

அவளை விடுவித்தபோது ஜெயில் பதிவேட்டில் எழுதியது: "நடத்தை நன்று. தொழில் ஏதும் இல்லை." வந்து பார்த்தபோது குடிசையின் கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆணி மட்டும் இருந்தது. அதன்பின் பதினோரு வருஷம் இருந்தாள். எத்தனை பேர் காதில் சொன்னாள் என்று அவள் எண்ணவில்லை. ஆரோக்கியத்தின் கடைசி நேரத்தில் தான் பக்கத்தில் இல்லாமல் போனதை நினைத்து அழுவாள். கோர்ட்டில் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்டால், "சொல்லியிருக்கலாம்தான்," என்பாள், அதுவும் அழுதுகொண்டுதான்.

1969 தை பதினேழாம் தேதி காலையில் சவரியாயி செய்தது இது: எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த, பெயர் தெரியாத ஒருவனின் தலையை வாய்க்கால் சேற்றிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்து, மனஸ்தாப ஜெபத்தை அவன் காதில் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள், அவன் நெற்றியிலும் மார்பிலும் இரண்டு தோளிலும் சிலுவை போட்டாள், அவன் மூச்சு நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.